திருகைக் கழற்றித் திறக்கும் பவர் பேங்க்

கடையில் பவர் பேங்க் எளிதாகக் கிடைக்கும்போது அதை ஏன் வீட்டில் செய்ய வேண்டும்? விலை குறையும் என்று சொல்ல முடியாது. நல்ல செல், நல்ல போர்டு, உறைக்கான 3டி அச்சு இழை எல்லாம் சேர்ந்தால் செலவு கடைப்பொருளுக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ வந்து நிற்கும். காரணம் வேறு. கடையில் வாங்குவது பெரும்பாலும் ஒட்டி மூடப்பட்டிருக்கும். உள்ளே என்ன செல் இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. அந்தச் செல் தளர்ந்துபோனால் நல்ல நிலையில் உள்ள போர்டும் உறையும்கூடக் குப்பைக்குப் போகும். நாமே செய்வது இரண்டு திருகுகளைக் கழற்றினால் திறந்துகொள்ளும். செல் தளர்ந்தால் செல்லை மட்டும், போர்டு பழுதானால் போர்டை மட்டும் மாற்றலாம். இந்த அத்தியாயத்தின் ஒவ்வொரு படியும் அந்த நோக்கத்தை ஒட்டியே அமைந்தது.

தொடங்குமுன் ஒன்று. லித்தியம் செல் விளையாட்டுப் பொருள் அல்ல. மல்டிமீட்டரில் வோல்ட் அளக்கவும், சால்டரிங் அயனைக் கையாளவும் பழகியவர்கள் மட்டுமே இதைச் செய்யுங்கள். மாணவர்கள் செய்வதானால் அனுபவமுள்ள பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும்.

முதலில் கணக்கு

நாம் செய்யப்போவது இரண்டு செல்களை இணையாகச் சேர்த்த பவர் பேங்க். ஒரு செல்லின் கொள்ளளவு 3,000 எம்.ஏ.எச். என்றால் இரண்டும் சேர்ந்து 6,000 எம்.ஏ.எச். இந்த எண்ணைப் பார்த்து, 5,000 எம்.ஏ.எச். பேட்டரி உள்ள போனை முழுதாக நிரப்பிவிட்டு மீதியும் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. அப்படி நடக்காது.

ஆற்றலை வாட்-மணியில்தான் ஒப்பிட வேண்டும். செல்லின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட். 6,000 எம்.ஏ.எச்., அதாவது 6 ஆம்பியர்-மணியை 3.6ஆல் பெருக்கினால் 21.6 வாட்-மணி. இதை 5 வோல்ட்டாக உயர்த்தும்போது போர்டில் ஒரு பங்கு வெப்பமாகப் போகும். 85 சதவீதம் மிஞ்சும் என்று வைத்துக்கொண்டால் வெளியே வருவது சுமார் 18.4 வாட்-மணி. 5,000 எம்.ஏ.எச். போன் பேட்டரியின் அழுத்தம் ஏறத்தாழ 3.85 வோல்ட். ஆக அதற்குத் தேவை 19.25 வாட்-மணி. போனுக்குள்ளும் கொஞ்சம் இழப்பு உண்டு. எல்லாம் கழித்தால் காலியான போனை ஐந்தில் நான்கு பங்கு நிரப்பலாம்.

இது போதாது என்று நினைப்பவர்கள் மூன்று அல்லது நான்கு செல்களை இணையாகச் சேர்க்கலாம். கணக்கும் முறையும் மாறாது. முதல் முறை செய்பவர்கள் இரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

செல்லைத் தேர்ந்தெடுத்தல்

1991இல் சோனி நிறுவனம் லித்தியம் அயான் செல்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பின் மடிக்கணினிகளில் பரவலாக இடம்பிடித்த உருளைச் செல்தான் 18650. விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர், கடைசியில் உள்ள பூஜ்யம் உருளை வடிவத்தைக் குறிக்கும். முழுதாக ஏறினால் 4.2 வோல்ட்.

போலிச் செல்கள் சந்தையில் நிறையப் புழங்குகின்றன. 18650 அளவில் உண்மையாகக் கிடைக்கும் கொள்ளளவு பெரும்பாலும் 3,500 எம்.ஏ.எச். அளவோடு நின்றுவிடுகிறது. உறையில் 6,000 என்றோ 9,800 என்றோ அச்சிட்டிருந்தால் அந்தச் செல்லைக் கையாலும் தொடாதீர்கள். எடையும் காட்டிக்கொடுக்கும்: நல்ல செல் 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். 30 கிராம் சொச்சம்தான் நிற்கிறது என்றால் உள்ளே இருக்க வேண்டிய பொருள் இல்லை. கடைக்குப் போகும்போது சிறு டிஜிட்டல் தராசு ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் ஒரே கடையில் அசலும் போலியும் அருகருகே இருக்கலாம். செல்லின் மாதிரி எண்ணைக் கேட்டு, அதன் தயாரிப்பாளர் வெளியிட்ட விவரத்தாளோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

பழைய மடிக்கணினி பேட்டரியைப் பிரித்து எடுத்த செல்களைப் பயன்படுத்தலாமா? அனுபவம் உள்ளவர்கள் அளந்து, பிரித்து, சோதித்துப் பயன்படுத்துகிறார்கள். 2.5 வோல்ட்டுக்குக் கீழே நெடுநாள் கிடந்த செல், துரு ஏறியது, பள்ளம் விழுந்தது, மேலுறை கிழிந்தது எதுவும் உதவாது. முதல் பவர் பேங்குக்கு ஒரே மாதிரி எண்ணில் ஒரே நேரத்தில் வாங்கிய இரண்டு புதுச் செல்களே சரி.

போர்டும் காவலும்

செல்லை ஏற்றுவதும், 3.6 வோல்ட்டை 5 வோல்ட்டாக உயர்த்திக் கொடுப்பதும் போர்டின் வேலை. டிபி4056 ஏற்றும் போர்டையும் தனி பூஸ்ட் போர்டையும் சேர்த்துச் செய்யும் வழி பழையது. இன்று ஐபி5306 என்ற ஒரே சில்லு உள்ள போர்டு இரண்டு வேலையையும் பார்த்துக்கொள்கிறது. 2 ஆம்பியர் அளவுக்கு வெளியீடு, நான்கு விளக்குகளில் இருப்புக் காட்டி, அதிகம் ஏறாமலும் அதிகம் இறங்காமலும் பார்க்கும் காவல் எல்லாம் அதில் உண்டு. போன் நிரம்பி மின்னோட்டம் மிகக் குறைந்ததும் அரை நிமிடத்தில் தானே அணைந்துவிடும். புளூடூத் காதணி போன்ற சிறு கருவிகளை ஏற்றும்போது போர்டு பாதியில் அணைந்தால் அது பழுது அல்ல, இந்தக் குணம்தான்.

போர்டு வாங்கும்போது பார்க்க வேண்டியவை மூன்று.

1. உள்ளீடு யூஎஸ்பி-சி என்றால், அதன் இரண்டு சிசி முனைகளிலும் 5.1 கிலோ ஓம் மின்தடை இருக்க வேண்டும். இல்லாத போர்டில் இருபக்கமும் சி முனை உள்ள கேபிளைச் செருகினால் சார்ஜர் மின்சாரமே தராது. ஒரு பக்கம் அகல முனை உள்ள பழைய வகைக் கேபிளில் மட்டுமே ஏறும்.

2. வெளியீட்டுத் துளையில் இரண்டு டேட்டா முனைகளும் தமக்குள் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். அப்படி இருந்தால்தான் இதைச் சார்ஜர் என்று பல போன்கள் அடையாளம் கண்டு, 1.5 ஆம்பியர் வரை எடுக்கும். இல்லாவிட்டால் அரை ஆம்பியரோடு நின்றுவிடலாம்.

3. சில்லின் அடியிலும் சுற்றிலும் அகலமான செம்புப் பரப்பு இருக்க வேண்டும். வெப்பம் வெளியேற அதுதான் வழி.

போர்டில் காவல் இருந்தாலும், செல்லுக்கும் போர்டுக்கும் நடுவே ஒற்றைச் செல்லுக்கான தனிக் காவல் போர்டு ஒன்றைச் சேருங்கள். ஒன்று தவறினால் இன்னொன்று தடுக்கும். அதிலும் அளவு பார்க்க வேண்டும். வெளியே 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் போனால் 10 வாட். செல் இறங்கி 3.2 வோல்ட்டில் நிற்கும்போது இழப்பையும் சேர்த்தால் செல்லிலிருந்து சுமார் 3.7 ஆம்பியர் வெளியேறும். மலிவான காவல் போர்டுகள் பல 3 ஆம்பியரிலேயே துண்டித்துவிடும். 6 ஆம்பியருக்கு மேல் தாங்குவதாக வாங்குங்கள். செல்லிலிருந்து போர்டுக்குப் போகும் ஒயர் 20 கேஜ் தடிமனில் சிலிக்கோன் உறையோடு இருக்கட்டும். மெல்லிய ஒயர் சூடாகும். இருக்கும் ஆற்றலையும் தின்னும்.

உறையை வரைதல்

பலர் உறையைக் கடைசி வேலையாக, அழகுக்காகச் செய்வதாக நினைக்கிறார்கள். செல் அசையாமல் நிற்பதும், ஒயர் நசுங்காமல் இருப்பதும், போர்டின் சூடு செல்லைத் தொடாமல் இருப்பதும் உறையால்தான் நடக்கிறது. ஆகவே இது ஒரு பாதுகாப்பு உறுப்பு. ஃப்ரீகேட், ஓபன்ஸ்கேட், டிங்கர்கேட் என்று எந்த மென்பொருளிலும் வரையலாம். மூன்றும் இலவசமே.

கையில் உள்ள செல்லையும் போர்டையும் வெர்னியர் காலிபரால் அளந்த பிறகே வரையத் தொடங்குங்கள். நம் அமைப்புக்கான அளவுகள் இவை:

- ஒவ்வொரு செல்லுக்கும் 19 மி.மீ. அகலம், நடுவே 1 மி.மீ. தடுப்பு. உள் அகலம் 39 மி.மீ.
- செல் அறையின் நீளம் 68 மி.மீ. நிக்கல் பட்டை, காப்புத் தாள் போக, பாசிட்டிவ் முனைக்கு எதிரே சிறிது வெற்றிடம் இருக்க வேண்டும். செல்லின் வாயு வெளியேறும் துளை அந்த முனையில்தான் உள்ளது.
- செல் அறைக்கும் போர்டு அறைக்கும் நடுவே 2 மி.மீ. சுவர். ஒயர் போக மட்டும் அதில் சிறு பள்ளம்.
- போர்டு அறையின் நீளம் 28 மி.மீ. உங்கள் போர்டுக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கலாம்.
- வெளிச்சுவர், அடி, மூடி மூன்றும் 2.4 மி.மீ.

இப்படிச் செய்தால் வெளி அளவு ஏறத்தாழ 103 × 44 × 24 மி.மீ. வரும், சட்டைப் பையில் அடங்கும்.

யூஎஸ்பி-சி துளையில் பலரும் தவறுவார்கள். போர்டில் உள்ள உலோகத் துளையின் அளவுக்கே சுவரை வெட்டினால், கேபிளின் பிளாஸ்டிக் பிடி சுவரில் முட்டி, முனை முழுதாக இறங்காது. அந்தப் பிடி 12.35 × 6.5 மி.மீ. வரை இருக்கலாம் என்று யூஎஸ்பி விதிமுறை சொல்கிறது. ஆகவே சுவரின் வெளிப்பக்கம் 13 × 7 மி.மீ. பள்ளம் கொடுங்கள். கேபிளைச் செருகும் விசை முழுவதும் போர்டின் பற்றவைப்பில் விழாதபடி, போர்டுக்குப் பின்னால் முட்டுக்கொடுக்கும் இரண்டு தூண்களும் வேண்டும்.

மூடியின் ஒரு முனையில், செல் பக்கம், சுவரில் உள்ள பள்ளத்தில் நுழையும் நாக்கு. மறுமுனையில், போர்டு அறையின் இரு ஓரங்களிலும், எம்3 திருகுக்கான தூண்கள். தூணில் பித்தளை இன்சர்ட்டைச் சால்டரிங் அயனின் சூட்டில் இறக்கி வையுங்கள். பிளாஸ்டிக்கில் நேராகத் திருகு ஏற்றினால் சில தடவைகளில் புரி தேய்ந்துவிடும். பிறகு திறந்து மூடும் வசதியே போய்விடும். தூணும் திருகும் செல்லின் பக்கம் நீளாமல் இருப்பது முக்கியம். போர்டு அறையின் பக்கச் சுவரில் 2 மி.மீ. அகலக் கீற்றுகள் சில இருந்தால் சூடு வெளியேறும்.

அச்சிடுதல்

வரைந்த உறையை 3டி பிரிண்டரில் அச்சிட வேண்டும். அதற்கு இழை எது? பி.எல்.ஏ. அச்சிட எளிது, ஆனால் 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். மே மாத வெயிலில் கண்ணாடி மூடி நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு வந்துவிடும். பெட்-ஜி 80 டிகிரி அளவில்தான் இளகும், கீழே விழுந்தாலும் சட்டென்று உடையாது. நமக்கு அதுதான் ஏற்றது. ஆனால் சாதாரணப் பெட்-ஜிக்குத் தீயை அணைக்கும் குணம் கிடையாது. தீத்தடுப்பு இழைகள் விலை கூடுதலாகக் கிடைக்கின்றன. முடிந்தவர்கள் அதையே வாங்குங்கள்.

0.4 மி.மீ. முனை, 0.2 மி.மீ. அடுக்கு, முனைச் சூடு 230 முதல் 250 டிகிரி, தட்டின் சூடு 70 முதல் 85 டிகிரி. சுவர் முழுவதும் சுற்றுக்கோடுகளாலேயே நிரம்பும்படி அமையுங்கள். பெட்டியை அடிப்பக்கம் தட்டில் படும்படி நிறுத்தி அச்சிட்டால் தாங்கு அமைப்பு அதிகம் தேவைப்படாது. முழு உறையையும் அச்சிடுமுன், யூஎஸ்பி துளை உள்ள முனைச் சுவரை மட்டும் தனியே அச்சிட்டு, போர்டையும் கேபிளையும் வைத்துப் பாருங்கள். சில கிராம் இழையில் ஐம்பது கிராம் மிச்சமாகும். சொந்த பிரிண்டர் இல்லாதவர்கள், எஸ்.டி.எல். கோப்பைக் கொடுத்தால் அச்சிட்டுத் தரும் கடைகளை நாடலாம்.

பொருத்துதல்

வேலை செய்யும் மேசையில் உலோகத் துண்டு எதுவும் கிடக்கக் கூடாது. மோதிரம், கடிகாரம், காப்பைக் கழற்றிவிடுங்கள்.

1. இரண்டு செல்களின் வோல்ட்டையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.05 வோல்ட்டுக்குள் இருந்தால் மட்டுமே இணைக்கலாம். செல்லின் உள்தடை மிகக் குறைவு. இரண்டும் சேர்ந்து 0.05 ஓம் என்று வைத்தால், அரை வோல்ட் வித்தியாசத்திலேயே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு 10 ஆம்பியர் பாயும். வித்தியாசம் இருந்தால் இரண்டையும் தனித்தனியே முழுதாக ஏற்றிச் சமப்படுத்துங்கள்.

2. பாசிட்டிவ் முனையில் பார்லி பேப்பர் எனும் காப்புத் தாளாலான வளையம் ஒட்டுங்கள். 18650 செல்லின் உடல் முழுவதும் நெகட்டிவ். பாசிட்டிவ் மூடியைச் சுற்றியுள்ள விளிம்பும் நெகட்டிவ்தான். நடுவே இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் உறை மட்டுமே. அங்கே பட்டை உரசினால் ஷார்ட் ஆகிவிடும்.

3. 0.15 மி.மீ. தடிமன் தூய நிக்கல் பட்டையை அளவாக வெட்டி, செல்லைத் தொடாத நீட்டிய முனையில் ஒயரை முன்கூட்டியே பற்றவைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகே பட்டையைச் செல்லில் ஸ்பாட் வெல்டிங் செய்ய வேண்டும். செல்லின் மீது நேராகச் சால்டரிங் அயனை வைக்காதீர்கள். உள்ளே இரு மின்முனைகளையும் பிரிக்கும் மெல்லிய படலம் 130 டிகிரி அளவில் உருகத் தொடங்கும். அயன் முனையோ 350 டிகிரியில் இருக்கும். ஸ்பாட் வெல்டர் இல்லாதவர்கள், மின்சார ஸ்கூட்டர் பேட்டரி பழுதுபார்க்கும் கடையில் செய்து வாங்கலாம்.

நிக்கல் பூசிய இரும்புப் பட்டையையும் தூய நிக்கல் என்று விற்கிறார்கள். காந்தம் இரண்டையும் இழுக்கும் என்பதால் அது சோதனைக்கு உதவாது. ஒரு துண்டை அரத்தால் தேய்த்து உப்புத் தண்ணீரில் ஓரிரு நாள் போட்டுவையுங்கள். துரு பிடித்தால் இரும்பு.

4. போர்டு ஒயர்களைப் பற்றவையுங்கள். செல் தொகுப்பிலிருந்து காவல் போர்டுக்கு, காவல் போர்டிலிருந்து ஐபி5306 போர்டுக்கு என்ற வரிசை. முதலில் நெகட்டிவ், அது முடிந்து காப்பிட்ட பிறகு பாசிட்டிவ். இரண்டு ஒயர் முனைகளும் ஒரே நேரத்தில் திறந்து கிடக்கக் கூடாது.

5. பாசிட்டிவ் ஒயரை இணைக்குமுன் முனைகள் சரிதானா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். தலைகீழாக இணைத்தால் சில்லு நொடியில் போய்விடும்.

6. இணைத்ததும் வெளியீடு வராவிட்டால் பதற வேண்டாம். சில காவல் போர்டுகள் ஒரு முறை சார்ஜரைச் செருகினால்தான் விழிக்கும்.

மூடுவதற்கு முன் சோதனை

மூடியைப் போடாமல், சிமென்ட் தரையிலோ டைல்ஸ் மீதோ வைத்துச் சோதியுங்கள்.

சார்ஜரைச் செருகி, செல்லின் வோல்ட்டை அவ்வப்போது அளந்து வாருங்கள். முழுதாக ஏறியதும் 4.2 வோல்ட் அளவில் நிற்க வேண்டும். 4.25ஐத் தாண்டினால் உடனே துண்டியுங்கள். அந்தப் போர்டு உதவாது. செல்கள் இளஞ்சூட்டுக்கு மேல் போகக் கூடாது.

அடுத்து வெளியீடு. 5 ஓம், 10 வாட் செராமிக் மின்தடை ஒன்றை வெளியீட்டில் இணைத்தால் 1 ஆம்பியர் ஓடும். அப்போது வோல்ட் 4.75க்கும் 5.25க்கும் இடையே இருக்க வேண்டும். அதே மாதிரி இரண்டாவதை இணையாகச் சேர்த்தால் 2 ஆம்பியர். மின்தடை கையைச் சுடும் அளவு சூடாகும், தொடாதீர்கள். கால் மணி நேரம் ஓடவிட்டு ஒயரையும் செல்லையும் தொட்டுப் பாருங்கள். சில்லு சூடாக இருக்கலாம். செல் சூடாக இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

கடைசியாக, யூஎஸ்பி மீட்டர் வழியாக முழுதாக இறக்கிப் பாருங்கள். நம் கணக்குப்படி 18 வாட்-மணியை ஒட்டி வர வேண்டும். 10 அல்லது 12தான் வருகிறது என்றால் செல்லின் கொள்ளளவு பொய். இவ்வளவும் தேறிய பிறகே போனை இணைத்து, மூடியைத் திருகுங்கள். செய்த தேதியையும் செல்லின் மாதிரி எண்ணையும் வாட்-மணியையும் மூடியின் உட்பக்கம் எழுதி ஒட்டுங்கள். நாளை திறப்பவர் வேறொருவராகவும் இருக்கலாம்.

பயன்படுத்தும்போது

தலையணைக்கு அடியிலோ மெத்தையிலோ வைத்து ஏற்றாதீர்கள். தூங்கும் நேரத்திலும் வீட்டில் ஆள் இல்லாத நேரத்திலும் ஏற்ற வேண்டாம். கீழே பலமாக விழுந்தாலோ தண்ணீர் புகுந்தாலோ திறந்து பார்க்காமல் மறுபடி பயன்படுத்தாதீர்கள். உப்பல், இனிப்பான ரசாயன வாடை, சீறும் ஓசை எதுவும் வந்தால் கேபிளைப் பிடுங்கிவிட்டு விலகி நில்லுங்கள். தீப்பிடித்தால் நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிரச் செய்ய வேண்டும். புகையைச் சுவாசிக்கக் கூடாது.

விமானத்தில் பவர் பேங்கைக் கைப்பையில் மட்டுமே கொண்டுபோகலாம். அளவு அச்சிடாத கைச்செய்பொருளைச் சோதனையில் நிறுத்திவிட வாய்ப்பு உண்டு. இதை விமானப் பயணத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டாம். விற்கவும் கூடாது. இந்தியாவில் பவர் பேங்க் விற்க இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு கட்டாயம். தளர்ந்த செல்லை வீட்டுக் குப்பையில் போடாமல், முனைகளில் டேப் ஒட்டி மின்னணுக் கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுங்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு டெல்டாவின் பல ஊர்களில் பல நாள் மின்சாரம் இல்லை. அப்படியொரு நேரத்தில் உயிருள்ள ஒரு போன் எவ்வளவு பெரிய துணை என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன் உங்கள் பவர் பேங்கைத் திறந்து, செல்லின் வோல்ட்டையும் பற்றவைப்புகளையும் பார்த்து, முழுதாக ஏற்றி வையுங்கள். செய்யும்போது எந்தச் சோதனையையும் அவசரத்துக்காகத் தாண்டாதீர்கள். இங்கே தவறவிடும் ஒரு அளவுக்கு விலை கொடுப்பது உங்கள் வீடாக இருக்கும்.